தூக்குக்குண்டுக்குக் கருநீலம்: வேலூர்த் தண்ணீரிலும் வெயிலிலும் கோல்ட் ப்ளூயிங்

இரும்புச் சாமானுக்கு வீட்டிலேயே, சூடுகாட்டாமல் மருந்து பூசிக் கருநீலம் ஏற்றும் கோல்ட் (cold) ப்ளூயிங்கில், மருந்து பூசும் நேரம் எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடத்தைத் தாண்டாது. துரு எடுப்பது, தேய்ப்பது, எண்ணெய்ப் பிசுக்கு போக்குவது, கழுவுவது, கடைசியில் எண்ணெயில் ஊறப்போடுவது என்று மீதிக்கு ஒன்றரை நாள் போகும். கெட்டுப்போன துண்டை எடுத்துப் பார்த்தால் அந்த ஒன்றரை நாளில்தான் எங்கோ அவசரப்பட்டிருப்பார்கள். வேலூர்ப் பக்கம் இதோடு இரண்டு உள்ளூர்ச் சங்கடமும் சேரும். ஒன்று உப்பேறிய போர் தண்ணீர், இன்னொன்று சித்திரை, வைகாசி வெயில்.

இந்தப் பதிவுக்கு எடுத்துக்கொண்டவை இரண்டு சாமான். முதலாவது 300 கிராம் அளவில் ஒரு கொத்தனார் தூக்குக்குண்டு. லேத்தில் கடைந்த மைல்டு ஸ்டீல், சிமெண்டுத் தண்ணீர் பட்டுப் பட்டு மேலெல்லாம் துரு. இரண்டாவது ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் வேலையில் புழங்கும் அகலமான சீவுகத்தி, கடினப்படுத்திய கார்பன் ஸ்டீல். ஒரே மருந்து இரண்டிலும் ஒரே நிறத்தைத் தராது என்பதைப் பார்க்க இந்த ஜோடி போதும்.

மருந்து என்ன செய்கிறது

கோல்ட் ப்ளூ என்று விற்கும் நீலப்பச்சைத் திரவத்தின் லேபிளில் பெரும்பாலும் இவை இருக்கும்: செலினியஸ் ஆசிட் அல்லது செலினியம் டை ஆக்ஸைடு, காப்பர் சல்பேட், கூடவே கொஞ்சம் நைட்ரிக் அல்லது பாஸ்பாரிக் ஆசிட். காப்பர் சல்பேட் வேறெதுவும் இல்லை, உரக்கடை மயில்துத்தம்தான். திரவம் பட்ட இடத்தில் இரும்பு கொஞ்சம் கரைய, செம்பும் செலினியமும் சேர்ந்த கறுப்புப் படலம் அங்கே வந்து உட்காருகிறது. தொழிற்சாலைகளில் காஸ்டிக் சோடாவும் சோடியம் நைட்ரேட்டும் கரைத்த நீரை 140 டிகிரி வாக்கில் கொதிக்கவிட்டுச் செய்யும் ஹாட் ப்ளூயிங் வேறு சங்கதி. அதில் இரும்பின் மேல்தோலே மேக்னடைட் என்னும் கறுப்பு ஆக்ஸைடாக மாறும். கோல்ட் ப்ளூ மேலே படிவதோடு சரி. அதனால்தான் உரசினால் தேய்கிறது, எண்ணெய் இல்லாமல் தனியாகத் துருவைத் தடுக்கவும் மாட்டேன் என்கிறது. நிரந்தரமாக நிற்கட்டும் என்று ஹாட் ப்ளூயிங்கை வீட்டில் தொடாதீர்கள். அந்தச் சூட்டுக் காஸ்டிக்கில் ஒரு கரண்டி தண்ணீர் விழுந்தால் முகத்துக்கு நேரே வெடித்துத் தெறிக்கும்.

மயில்துத்தத்தை மட்டும் கரைத்துப் பூசினால் ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பு உடனே செம்பு நிறத்துக்கு மாறும், பார்க்க ஏதோ நடந்ததுபோல் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் உரிந்து கையோடு வந்துவிடும். கறுப்பு வேண்டுமென்றால் செலினியம் இருந்தாக வேண்டும்.

அந்தச் செலினியம் விஷம். கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே அருவாமனை, காய்கறிக் கத்தி, தோசைக்கல், தேங்காய் துருவி என்று வாய்க்குப் போகும் எந்தச் சாமானுக்கும் இந்த வேலை கிடையவே கிடையாது. தோசைக்கல் கறுக்க வேண்டுமானால் எண்ணெய் தடவிச் சூடாக்கிப் பழக்குவதுதான் வழி. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, மொட்டைமாடி அல்லது திறந்த தாழ்வாரம், இவை மூன்றும் கட்டாயம்.

எந்த இரும்பில் பிடிக்கும்

மைல்டு ஸ்டீல், இ.என்.8 போன்ற கார்பன் ஸ்டீல்கள் நன்றாக எடுத்துக்கொள்ளும். கடினப்படுத்திய பாகங்கள் மெதுவாக எடுத்துக்கொள்ளும், நிறமும் கொஞ்சம் சாம்பலாகவோ நாவல்பழச் சாயலாகவோ நிற்கும். வார்ப்பிரும்பு திட்டுத்திட்டாக வரும். எவர்சில்வரில் பிடிக்காது. குரோம் முலாம் பூசியதிலும் பிடிக்காது, தூக்குக்குண்டு பளபளவென்று வெள்ளையாக இருந்தால் முதலில் அது குரோமா என்று பாருங்கள். துத்தநாக முலாம் பூசிய போல்ட், நட்டுகளை அப்படியே மருந்தில் போடவே கூடாது. அமிலமும் துத்தநாகமும் செலினியமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் ஹைட்ரஜன் செலினைடு என்ற நச்சு வாயு கிளம்பக்கூடும். அலுமினியக் கிண்ணத்தில் மருந்தை ஊற்றக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான். முலாமை அமிலத்தில் எடுத்துவிட்டுச் செய்யலாமே என்றால், 10.9, 12.9 என்று தலையில் அச்சடித்த ஹைடென்சில், அதாவது அதிக வலுவுள்ள போல்ட்டுகளில் அதையும் செய்யாதீர்கள். அமிலத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே ஏறி, முறுக்கும்போது போல்ட் சொல்லாமல் கொள்ளாமல் முறியும்.

துரு எடுப்பதும் தேய்ப்பதும்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். தூக்குக்குண்டு இதில் மூன்று மணி நேரம் கிடந்தது. நடுவில் இரண்டு முறை பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் துரு சேறாகக் கழன்று வரும். பித்தளைக்குப் போடும் புளியும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் சக்கையும் பிசுக்கும் சேர்ந்து கழுவும் வேலை இரட்டிப்பாகும். சீவுகத்தியை அமிலத்தில் போடவில்லை. கடினப்படுத்திய மெல்லிய தகட்டுக்கு அந்த ஆபத்து தேவையில்லை, வாட்டர் பேப்பராலேயே துருவை எடுத்தாயிற்று.

அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு சாம்பல் படிந்து மங்கலாக இருக்கும். அதை 220, 320, 400 நம்பர் என்று வரிசையாக வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தேய்க்கும்போதே மஞ்சள் துரு கிளம்பும், உலர்வாகவே தேயுங்கள். தூக்குக்குண்டை லேத்தில் கடைந்த கோடுகள் போகும் திசையிலேயே, சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். குறுக்கே ஒரு கீறல் விழுந்தால் கருநீலம் அதை மறைக்காது, எடுத்துத்தான் காட்டும். 400-க்கு மேலே போய்க் கண்ணாடிபோல் மெருகேற்றினால் மருந்து பிடிப்பது குறையும். பஃபிங் சோப்பு போடவே வேண்டாம், அதில் இருக்கும் மெழுகு நுண்ணிய குழிகளில் தங்கி, எந்தக் கழுவலுக்கும் அசையாது.

எண்ணெய்ப் பிசுக்கு: பாதி வேலை இங்கேதான்

ஒரு லிட்டருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்து, பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். பாத்திரம் எவர்சில்வர்தான், அலுமினியமென்றால் சோடா அதையே அரிக்கும். அந்தப் பாத்திரம் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது. வெளியே எடுத்ததும் கழுவி, உலர்த்தி, சுத்தமான பஞ்சில் அசிட்டோன் நனைத்து இரண்டு முறை துடைக்க வேண்டும். பெட்ரோல், மண்ணெண்ணெய், சாதாரணத் தின்னர் எல்லாம் உலர்ந்தபின் ஒரு மெல்லிய பிசுக்கை விட்டுப்போகும். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயே சேர்த்திருப்பார்கள். இதற்குப் பிறகு வெறுங்கை படக் கூடாது. விரல் ரேகை பட்டால் அந்த ரேகை அப்படியே வெள்ளையாக நீலத்தில் பதிந்து நிற்கும்.

சுத்தமாயிற்றா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, தண்ணீரை ஊற்றித்தான் பார்க்க வேண்டும். சுத்தமான இரும்பில் தண்ணீர் ஒரே திரையாகப் படர்ந்து நிற்கும். தாமரை இலையில்போல் எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி சோடாக் கொதிப்பு.

தூக்குக்குண்டில் இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. உச்சியில் நூல் கோக்கும் துளை. உள்ளே ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் சிமெண்டும் அடைந்து கிடக்கும். வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் அழகாகப் படர்ந்தது, முதல் பூச்சும் ஏறியது. மருந்து உலர்வதற்குள் துளையிலிருந்து ஒரு துளி எண்ணெய் கசிந்து தோளில் இறங்கி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிக் கோடு இழுத்துவிட்டது. அந்தப் பக்கத்தை 320-லிருந்து திரும்பத் தேய்க்க வேண்டியதாயிற்று. இரண்டாம் முறை துளைக்குள் கம்பி விட்டுச் சுரண்டி, சோடாவில் தலைகீழாகப் போட்டு இரு தடவை கொதிக்கவிட்டு, உலர்ந்த மூங்கில் குச்சியைச் சீவி இறுக்கி அடைத்த பிறகுதான் கோடு வரவில்லை. மரையோ துளையோ இருக்கும் எல்லாச் சாமானுக்கும் இந்தக் குச்சி வேலை உண்டு.

தொங்கவிட நைலான் நூல் நல்லது. வேலிக்குப் போடும் கால்வனைஸ்டு கம்பி கூடாது, அதிலும் துத்தநாகம்.

பூச்சு

மருந்தைப் பாட்டிலிலிருந்து நேரே பஞ்சில் தொடக் கூடாது. ஒருமுறை இரும்பைத் தொட்ட பஞ்சு திரும்பப் பாட்டிலுக்குள் போனால் மொத்தமும் கெட ஆரம்பிக்கும். சின்ன பிளாஸ்டிக் மூடியில் 10 மில்லி ஊற்றிக்கொள்ளுங்கள். இரண்டு சாமானுக்கும் நான்கு பூச்சுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வேலை முடிந்தபின் மிச்சத்தைப் பாட்டிலில் திருப்பி ஊற்றாதீர்கள்.

இரும்பு வெதுவெதுப்பாக, 40 டிகிரி வாக்கில் இருந்தால் மருந்து நன்றாக வேலை செய்யும். மார்கழியில் என்றால் சுடுதண்ணீரில் முக்கி எடுத்து உதறினால் சரி. மே மாதத்தில் வேலூரில் அதற்கு அவசியமே இல்லை, பிரச்சினை தலைகீழ். வெயிலில் கிடந்த இரும்பில் மருந்து பட்ட மாத்திரத்தில் காய்ந்து, ஓரங்களில் வட்டக் கறையாக நிற்கும். காலை ஏழு மணிக்கு முன் நிழலில் செய்யுங்கள். மின்விசிறி சுழலக் கூடாது.

பஞ்சு உருண்டையை நன்றாக நனைத்து, மேலிருந்து கீழாக நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போக வேண்டும். பத்து நொடிக்குள் சாம்பல் ஏறும், அடுத்து நீலம், பிறகு கறுப்பு. 45 நொடி வரை பஞ்சால் தொட்டுத் தொட்டு மேற்பரப்பை ஈரமாகவே வைத்திருங்கள். இன்னும் கறுக்கட்டும் என்று இரண்டு மூன்று நிமிடம் விட்டால் படலம் தடித்து, கரிபோல் தளர்ந்து, துடைக்கும்போது துணியோடு வந்துவிடும். மெல்லிய பூச்சுகள் நான்குதான் நிற்கும்.

45 நொடி ஆனதும் தண்ணீரில் கழுவி, 0000 நம்பர் ஸ்டீல் உல்லால், அதாவது மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சால், மிக லேசாக வருட வேண்டும். தளர்ந்த கரி மட்டும் போக வேண்டும், நிறம் போகக் கூடாது. ஸ்டீல் உல் துருப்பிடிக்காமலிருக்கத் தயாரிக்கும்போதே எண்ணெய் போட்டிருப்பார்கள். அதையும் அசிட்டோனில் அலசி உலர்த்தியபின்தான் தொட வேண்டும். எண்ணெய் எடுக்கப் பட்ட பாடு முழுக்க வீணாவது பலருக்கு இங்கேதான்.

தூக்குக்குண்டு முதல் பூச்சில் மழைமேகச் சாம்பல், இரண்டாவதில் நீலம் கலந்த கறுப்பு, மூன்றாவதில் ஆழம் வந்தது. நான்காவது பூச்சு திட்டுகளை நிரவ மட்டும். சீவுகத்தி நான்கு பூச்சுக்குப் பிறகும் சாம்பல் நீலத்தில்தான் நின்றது, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நாவல்பழச் சாயல். அது கடினப்படுத்திய எஃகின் குணம், ஐந்தாவது பூச்சு போட்டாலும் மாறாது. வெட்டுவாயில் ஒரு விரற்கடை அளவுக்கு மருந்து பூசவே இல்லை. முதல் தீட்டிலேயே சாணைக்கல்லில் போகப்போகும் இடத்துக்கு மருந்து எதற்கு?

நீலம் வேண்டுமென்று கத்தியைச் சூடுகாட்டி ஏற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நீலம் 300 டிகிரியை ஒட்டித்தான் வரும். அந்தச் சூட்டில் கத்தியின் கடினம் இறங்கிவிடும், பிறகு தோலில் வழுக்கும். தூக்குக்குண்டுக்கு அப்படிச் செய்தால் நட்டமில்லை.

தண்ணீர்

போர் தண்ணீரில் கடைசிக் கழுவல் கழுவினால் இரண்டு விதத்தில் வினை. சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகக் காயும், உப்பு படலத்தின் துளைகளுக்குள் தங்கி மூன்றாம் நாள் துருவாக எட்டிப்பார்க்கும். முதல் கழுவல்கள் எந்தத் தண்ணீரானாலும் பரவாயில்லை. கடைசிக் கழுவல் பேட்டரிக்கு ஊற்றும் உப்பு நீக்கிய தண்ணீரில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கேன் தண்ணீரிலாவது. ஏ.சி. குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடித்து வடிகட்டினாலும் போதும், உப்பு கிட்டத்தட்ட இருக்காது.

கடைசிப் பூச்சைக் கழுவியதும் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மிஞ்சிய அமிலத்தைச் சாகடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் எண்ணெய்க்கு அடியிலேயே துரு கிளம்பும். பிறகு பேட்டரித் தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் துளை உட்பட உலர்த்தி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய்.

தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு பிளாஸ்டிக் உறையில் எண்ணெயோடு போட்டுக் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். இந்த ஊறலில்தான் சாம்பல் பாய்ந்த கறுப்பு ஆழமான கருநீலமாகத் திரும்பும், எண்ணெய்க்கு முன் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், நாள்பட்டுச் சிக்கெடுத்தால் அதுவே அமிலம். மறுநாள் மெல்லத் துடைத்து, கைபடும் சாமானென்றால் தேன்மெழுகை டர்பண்டைனில் இளக்கித் தடவி மெருகேற்றலாம். ஓரிரு வாரத்துக்குப் பூண்டு அழுகியதுபோல் ஒரு வாடை வரும், செலினியத்தின் வாடை அது.

நிறத்தைப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது

செம்பு நிறத் திட்டு என்றால் அங்கே பிசுக்கு இருந்தது அல்லது மூடியில் ஊற்றிய மருந்து சத்துப்போய்விட்டது. புது மருந்தில் அந்த இடத்தை மட்டும் 400-ல் தேய்த்துத் திரும்பச் செய்யலாம். பூச்சு சந்திக்கும் இடங்களில் வரிவரியாக இருந்தால் பஞ்சில் மருந்து போதவில்லை, நடுவில் நிறுத்தியிருக்கிறீர்கள். வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டே வந்தால் நேரம் அதிகம். முழுக்கச் சாம்பலாகவே நின்றால் ஒன்று கடினப்படுத்திய எஃகு, இல்லாவிட்டால் இரும்பு குளிர்ந்திருந்தது. இரண்டாம் நாள் காவிப் புள்ளிகள் என்றால் ஆப்பசோடாவைத் தவிர்த்திருக்கிறீர்கள் அல்லது போர் தண்ணீர். இந்தக் கடைசிக் குறைக்கு மட்டும் ஒட்டுவேலை கிடையாது, முழுக்க எடுத்துவிட்டு முதலிலிருந்துதான்.

மிச்ச மருந்து, பஞ்சு, முதல் கழுவல் தண்ணீர் எதுவும் சாக்கடைக்குப் போகக் கூடாது. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வட்டாரம் இது. நம் பங்குக்குச் செலினியத்தையும் சேர்க்க வேண்டாம். பழைய பெயின்ட் டப்பாவில் சேர்த்து, சிமெண்டு போட்டுக் குழைத்து இறுகவிட்டு, குப்பை வண்டியில் ஆபத்தான கழிவு என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

இது நிற்காத இடத்துக்கு

தினமும் கையில் உரசும் சாமானுக்குக் கோல்ட் ப்ளூ சில மாதம்தான். அங்கே துருவை வைத்தே துருவைக் கட்டும் ரஸ்ட் ப்ளூயிங் மேல், செலினியமும் தேவையில்லை. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடு 6 சதவீதமென்றால் பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்து 200 மில்லி, வினிகர் 25 மில்லி, உப்பு 3 கிராம். பிழிந்த பஞ்சால் ஈரம் தெரியாத அளவுக்கு மெல்லத் தடவினால் வெல்வெட்போல் காவித் துரு பூக்கும். வழிய விட்டால் குழி விழும். பிறகு பேட்டரித் தண்ணீரில் இருபது நிமிடம் கொதிக்கவிட, காவி கண்ணெதிரே கறுப்பாகும். தளர்ந்ததை ஸ்டீல் உல்லால் எடுத்து, மறுபடி துரு, மறுபடி கொதிப்பு. ஐந்து ஆறு சுற்று ஆகும். கோடையில் காற்று உலர்ந்து துரு பூக்கச் சோம்பினால், ஈரத்துணி தொங்கும் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழையில் டப்பாவே வேண்டாம். உப்பு சேர்ந்திருப்பதால் கடைசி ஆப்பசோடாக் குளியல் இதில் இன்னும் முக்கியம்.

எந்த முறையானாலும் சாமானைத் தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். இந்தப் பக்கம் தோல் உறைக்குப் பஞ்சமில்லை, கையும் அங்கேதான் போகும். ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் அதிலேயே இருக்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் என்றால் அதிலிருக்கும் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து மைபோல் கறுத்து, உறை, கத்தி இரண்டிலும் கறை ஏறும். தோல் பதனிடும் தொட்டிப் பக்கம் இரும்பை அண்டவிடாததும் இந்தக் கறைக்குப் பயந்துதான். சீவுகத்தியை எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் வைத்தாயிற்று. தூக்குக்குண்டுக்கு, சிமெண்டு வேலை முடிந்த அன்றைக்கே துடைத்து ஒரு சொட்டு எண்ணெய், துளைக்குள்ளும் ஒரு சொட்டு.